மைக் தனேசுக்கு அம்மை போட்ட கதை

கோயில் வாசலில் யாருடைய கார் குறுக்கே நிற்கிறது என்பதிலிருந்து அன்னதானப் பந்தலுக்கு ரசம் வந்துவிட்டது என்பது வரைக்கும், அந்த ஊரில் எதுவும் தனேஸ்வரன் வாயால் வந்தால்தான் நடந்ததாகக் கணக்கு. மலேசியாவில் கோப்பெங்குக்கு வெளியே பழைய ரப்பர் தோட்டம் அது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையில் பாதி போய் வரிசை வீடுகள் வந்து, அதற்குத் தாமான் என்று பெயரும் வைத்தாயிற்று. தொழிலாளர் லயத்து நடுவில் இருந்த மாரியம்மன் கோயில் மட்டும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. கோயிலுக்கு ஒலிபெருக்கி, ஒலிபெருக்கிக்கு மைக் தனேஸ். இருபது வருசமாக அப்படித்தான்.

ஆளைப் பார்த்தால், தமிழன் என்று சத்தியம் பண்ணினாலும் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். பிறவியிலேயே தோலில் நிறம் கிடையாது. தலைமுடி சோளநார் மாதிரி, இமை மயிர்கூட வெளுப்பு. அப்பா அம்மா இரண்டு பேரும் நல்ல கறுப்பு. அவன் பிறந்தபோது தோட்டத்து ஆள்கள் பிள்ளையையும் துரை பங்களாவையும் மாறி மாறிப் பார்த்தார்களாம். துரை அப்போது ஒரு சீனர் என்பதால் பேச்சு அதோடு நின்றது.

பள்ளிக்கூடத்தில் மாட்சாலே என்று பட்டம் கட்டினார்கள். மலாய்க்காரர்கள் வெள்ளைக்காரனைச் சொல்கிற பெயர். நாற்பத்திரண்டு வயதிலும் அது விட்டபாடில்லை. ஈப்போவில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போனால் இலையோடு கரண்டியும் முள்ளும் வந்துவிடும். "அண்ணே, மீன் தலைக் கறி கொஞ்சம் கெட்டியா ஊத்துங்கலா" என்று அவன் வாயைத் திறந்ததும் பரிமாறுகிறவர் வாளியோடு அப்படியே நிற்பார். இந்தக் கூத்து பார்க்கவே சில சமயம் கூட்டாளிகள் அவனைப் புதுக் கடைகளுக்குக் கூட்டிப் போவதுண்டு.

நிறத்தோடு கண்ணும் கொஞ்சம் குறைச்சல். கரும்பலகை தெரியாமலே ஆறு வருசம் படித்தவன். வாத்தியார் சொல்வதைக் காதால் பிடித்து, அப்படியே அதே குரலில் திருப்பிச் சொல்வான். அந்தப் பழக்கத்தில் குரல் முற்றியது. ஈப்போவில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் வேலை. "இன்றைய சிறப்பு விலை, கெம்போங் மீன்" என்று மலாயில் அவன் உருகி உருகிச் சொல்ல, மீன் பிடிக்காதவர்களும் அந்தப் பக்கம் நடப்பார்கள். அது சம்பளத்துக்கு. மனசுக்குப் பங்குனித் திருவிழா. பால்குட ஊர்வலத்தன்று திறந்த லாரியில் ஏறி நின்று, காலையிலிருந்து உச்சி வெயில் தாண்டும்வரை மைக்கைக் கீழே வைக்க மாட்டான். தலையில் ஒன்றும் கிடையாது. சாமிக்கு முன்னால் தொப்பி போடுவது எப்படி? செருப்பு மாதிரிதானே அதுவும். முகம் கொதித்துச் சிவந்து, மறுநாள் பாம்புச் சட்டை மாதிரி உரியும். கற்றாழையைத் தடவிக்கொண்டு அடுத்த வருசத்துக்குத் தயாராகிவிடுவான்.

இரண்டு வருசமாக நெற்றியில் கை வைத்தால் சொரசொரப்பு. உப்புத்தாளைத் தொட்ட மாதிரி. திருநீறு ஒத்துக்கொள்ளவில்லை போல என்று கடையை மாற்றி வேறு திருநீறு வாங்கினான். அப்புறம் பொட்டுப் பக்கத்தில் இரண்டு இடம் பொருக்குத் தட்டியது. உரித்தால் போகும், ஒரு வாரத்தில் திரும்ப வந்து உட்காரும். ஒருநாள் துவாலை பட்டு ரத்தம் வந்தபோதுதான் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனான். அங்கிருந்து ஈப்போ தோல் டாக்டரிடம் அனுப்பினார்கள்.

டாக்டர் மெஹ்ரீன் சின்ன வயசு, தலையில் முக்காடு, தமிழ் தடையில்லாமல் வந்தது. விளக்குப் பொருத்திய ஒரு கண்ணாடியை வைத்து அவன் முகத்தை நிலம் அளக்கிற மாதிரி அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு விரலாலும் தடவிப் பார்த்தார்.

"அண்ணே, வெயில்ல நிக்கிற வேலையா?"

"இல்ல டாக்டர், சூப்பர்மார்க்கெட். ஏர்கோன்."

"அப்ப இது எங்க வாங்குனது?"

"அது சாமி வேலையில."

திருவிழா, லாரி, மைக் எல்லாம் சொன்னான். தொப்பி விசயத்தையும் சொன்னான். டாக்டர் சிரிக்கவில்லை.

"மத்தவங்களுக்குத் தோலுக்குள்ளயே ஒரு குடை இருக்கு. கறுப்பு நிறம்னு சொல்றோமே, அதான். உங்களுக்கு அது இல்லாம பொறந்திருக்கீங்க. இத்தன வருசம் வெயில் நேரா உள்ள எறங்கியிருக்கு."

"கேன்சரா டாக்டர்?" அந்த இடத்தில் மட்டும் அவன் குரல் சின்னதாகிவிட்டது.

"இல்ல. விட்டு வெச்சா சிலது அப்படிப் போகும். எது போகும், எது போகாதுன்னு பாத்துச் சொல்ல முடியாது. அதனால ஒண்ணையும் விட்டு வெக்க மாட்டோம்."

பொட்டுப் பக்கத்தில் இருந்த இரண்டையும் குளிர்வாயு பீய்ச்சி உறைய வைத்தார். பனிக்கட்டியால் சூடு போட முடியும் என்பது அன்றைக்குத்தான் தனேசுக்குத் தெரிந்தது. மற்ற இடத்துக்கெல்லாம் ஒரு களிம்பு. காலை ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, நாலு வாரம். பூசிவிட்டுக் கையைக் கழுவ வேண்டும், கண்ணுக்கும் உதட்டுக்கும் கிட்டே கொண்டுபோகக் கூடாது, வெயிலில் தலை காட்டக் கூடாது.

"இன்னொண்ணு கேட்டுக்குங்க அண்ணே. இது பூசினா மொதல்ல அசிங்கமாகும். செவக்கும், எரியும், பொருக்குக் கட்டும். கண்ணுக்குத் தெரியாம ஒளிஞ்சிருக்கிற கெட்ட தோலையும் தேடிப் புடிக்கிற மருந்து. முகம் மோசமானா வேலை செய்யுதுன்னு அர்த்தம். நெறைய பேரு கண்ணாடியப் பாத்துப் பயந்து பாதியில விட்டுடறாங்க."

"கண்ணாடி பிரச்சன இல்ல டாக்டர். எனக்கு எப்பவுமே சரியாத் தெரியாது."

இப்போது டாக்டர் சிரித்தார்.

வீட்டுக்கு வந்தால் அக்கா கலாதேவி வாசலிலேயே நின்றாள். பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை, தம்பியைத் தவிர வேறு குடும்பம் இல்லாதவள். "டாக்டர் என்னாடா சொன்னாங்க?" அப்பா போனது அந்த நோயில்தான். அன்றிலிருந்து அந்த வீட்டில் அதற்குப் பெயரே கிடையாது, 'அது' என்றுதான் சொல்வார்கள். கேன்சர் இல்லை என்று சொல்வதற்கும் முதலில் கேன்சர் என்ற சொல்லைச் சொல்லியாக வேண்டுமே. "சும்மா பருதான்க்கா. களிம்பு குடுத்திருக்காங்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான்.

முதல் வாரம் ஒன்றும் இல்லை. இரண்டாவது வாரம் டாக்டர் சொன்னது சொன்னபடி நடந்தது. நெற்றி, மூக்கு, கன்னம் முழுக்கச் செக்கச் செவேல் என்று திட்டுத் திட்டாகக் கிளம்பிப் பொருக்குக் கட்டியது. சூப்பர்மார்க்கெட்டில் லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தான். பக்கத்து வீட்டுச் செல்லாயி அக்கா கீரை கொடுக்க வந்தவள், கம்பிக் கதவு வழியாக அவனைப் பார்த்தாள். கீரைக்கட்டு கீழே விழுந்தது.

"கலா! ஓடியாடி! வீட்டுக்கு ஆத்தா வந்திருக்கா!"

தனேஸ் வாயைத் திறப்பதற்குள் அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்து, முகத்தைப் பார்த்து, இரண்டு கையையும் கூப்பிவிட்டாள். பிறந்ததிலிருந்து டேய் என்று மட்டுமே கூப்பிட்டவள், "தாயே, எப்ப வந்த?" என்று கேட்டாள். அந்த நேரத்தில் களிம்பு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எதற்குக் களிம்பு என்று கேள்வி வரும். தனேஸ் கண்ணை மூடிக்கொண்டான். அதை அவர்கள் அருள் என்று எடுத்துக்கொண்டார்கள்.

சாயங்காலத்துக்குள் வாசலில் வேப்பிலை தொங்கியது. ஒருநாள் இரண்டுநாள் பார்த்ததில் அம்மை அப்படியொன்றும் மோசமில்லை என்று தோன்றியது. இளநீர் வந்தது, கூழ் வந்தது, தொலைக்காட்சி ரிமோட்டே அவன் கைக்கு வந்தது. வீட்டில் தாளிப்பு மட்டும் இல்லை, மீன் வாடை கிடையாது. அது ஒன்றுதான் கஷ்டம்.

செல்லாயி தூர நின்று கேட்டாள். "ஆத்தா, எம்மவன் சித்தியவானுக்கு மாத்தல் கேட்டிருக்கான். கெடைக்குமா?"

என்ன சொல்வது? "கெடைக்கும்" என்றான்.

மூன்றாம் நாள் கிடைத்துவிட்டது. அதன்பிறகு கதவுப் பக்கம் கூட்டம் குறையவில்லை. ஒருத்தர் லாட்டரிக்கு நாலு நம்பர் கேட்டார். ஆத்தா சூதாட்டத்துக்கு வரவில்லை என்று தனேஸ் கடுமையாகச் சொல்லி அனுப்பினான்.

சிக்கல் களிம்பில்தான் வந்தது. தலையணைக்கு அடியில் இருந்த குழாயை அக்கா கண்டுபிடித்தாள். "ஆத்தா ஒடம்புல இருக்கிறப்ப மருந்தா? இதனாலதான் கோவம் தணியாம இப்படிக் கொப்பளிச்சு நிக்கிறா!" குழாய் போய்க் குப்பைத் தொட்டியில் விழுந்தது. அவள் வேலைக்குப் போனதும், பகல் வெளிச்சத்தில் கண் கூசி நீர் வழிய, துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு, வேப்பிலைச் சருகுக்கும் கூழ்ச்சட்டி கழுவிய சக்கைக்கும் நடுவில் கையைவிட்டுத் துழாவி அதை எடுத்தான். அன்றிலிருந்து குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு பூசினான். வெளியே வந்தால் அக்கா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து வைத்துக்கொண்டு நிற்பாள். புண்ணான முகத்தில் அதை அப்பினால் உச்சி மயிர் நட்டுக்கொள்ளும்.

டாக்டருக்குப் போன் போட்டான்.

"மஞ்சள், வேப்பிலை ஒண்ணும் வேணாம் அண்ணே, வாசலின் மட்டும். வீட்ல என்னா சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"அதான் பிரச்சன. களிம்பு சரியாத்தான் வேலை செய்யுது. நீங்கதான் செய்யல."

மூன்று தண்ணீர் ஊற்றினால் அம்மை இறங்க வேண்டும். ஊற்றினார்கள். முகம் இன்னும் சிவந்தது. மூன்றாவது வாரம் அப்படித்தான் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. அக்காவும் செல்லாயியும் அடுப்படியில் குசுகுசுவென்று பேசினார்கள். என்னமோ வேண்டுதல் என்று காதில் விழுந்தது. சாந்தியாகப் பொங்கல் வைப்பார்களாயிருக்கும் என்று விட்டுவிட்டான்.

கோயிலில் காப்புக் கட்டுகிற அன்றைக்குச் சாயங்காலம், அவன் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தான். கோயில் பின்வரிசைதான். ஒலிபெருக்கி கரகரத்தது. இருபது வருசத்தில் முதல் தடவையாக வேறொரு குரல். ஷர்வின், ஈப்போவில் கல்யாண வீடுகளுக்குப் பாட்டுப் போடுகிற பையன். நல்ல குரல்தான், அதுதான் எரிச்சல். பால்குடம் எடுப்பவர்கள் பெயரை வாசித்துக்கொண்டே வந்தவன் சொன்னான்: "அடுத்து, நம்ம தனேஸ் அண்ணனுக்கு ஆத்தா எறங்கணும்னு வேண்டுதல். பால்குடத்தன்னிக்கு உச்சி வேளையில, மொட்டை போட்டு, வெறுந்தலையோட தீச்சட்டி எடுத்து ஊரச் சுத்தி வருவாரு!" கைதட்டல் கேட்டது.

தனேஸ் கூழை அப்படியே கீழே வைத்தான். மொட்டைத் தலை. உச்சி வெயில். கையில் நெருப்பு. புதுசாக வரப்போகிற தோலை இவர்களே கொண்டுபோய் வாட்டப் போகிறார்கள். மாட்டேன் என்றால் ஆத்தாளை எதிர்த்ததாகிவிடும். அப்புறம் அந்தக் கோயிலில் மைக் என்ன, மணிகூட அடிக்க முடியாது. துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

அம்மை கண்டவன் கோயிலுக்குள் வந்தால் எப்படி? கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. பாதிப் பேர் பின்னால் ஒதுங்கினார்கள், பாதிப் பேர் கும்பிட்டார்கள். கோயில் தலைவர் இராமசாமி எழுந்து நின்று என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். தனேஸ் நேரே போய்க் கையை நீட்டினான். ஷர்வின் மைக்கைக் கொடுத்துவிட்டான். மைக்கை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தான். ஆனால் சொந்தப் பேச்சு வரவில்லை, பழகிய பேச்சுதான் வந்தது.

"கோயில் நிர்வாகத்தின் சார்பில் ஓர் அறிவிப்பு. சின்னப்பன் மகன் தனேஸ்வரன் என்பவரின் முகத்தில் இருப்பது அம்மை அல்ல. அது டாக்டர் கொடுத்த களிம்பு. வெயிலில் கெட்டுப்போன தோலை அது எரித்து எடுக்கிறது. அப்படியே விட்டிருந்தால் அது புற்றுநோயாக ஆகியிருக்கலாம்."

பெண்கள் பக்கம் அக்கா கையில் தாம்பாளத்தோடு நிற்பது மங்கலாகத் தெரிந்தது.

"ஆகவில்லை. மறுபடியும் அறிவிக்கிறோம். ஆகவில்லை. முன்கூட்டியே பிடித்துவிட்டார்கள்." அதற்குமேல் அறிவிப்புக் குரல் தாங்கவில்லை. "ஆத்தா எம்மேல வரலிங்க. நாந்தான் பயந்துகிட்டு வாய மூடிக்கிட்டு இருந்தேன். மன்னிச்சிருங்க. இந்த வெயில்ல வெறுந்தலையா நான் இனிமே நிக்கக்கூடாது. அதனால மைக்க யாருகிட்ட குடுத்தாலும் சரி."

முதலில் அசைந்தவள் அக்கா. தாம்பாளத்தைப் பக்கத்தில் இருந்தவள் கையில் திணித்துவிட்டு நேரே வந்தாள். முகத்தை விட்டுவிட்டுத் தோளில் ஒன்று வைத்தாள்.

"மூணு தடவ உங்கால்ல விழுந்தேனேடா, படுபாவி!"

மைக் திறந்தே இருந்தது. தாமான் முழுக்கக் கேட்டது. ஒருத்தர் சிரிக்க, அப்புறம் அடக்க முடியாமல் எல்லாரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, "அது இல்லியே?" என்றாள்.

"இல்லக்கா. அதுக்கு முன்னுக்கே."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

செல்லாயிக்குத்தான் மனசு ஆறவில்லை. "அப்ப எம்மவனுக்கு மாத்தல் வந்ததே, அது யாரு குடுத்தது?"

"அவங்க ஆபீஸ் குடுத்ததுக்கா."

"வேண்டுனது வேண்டுனதுதான், பாத்துக்க. யாராச்சும் தீச்சட்டி எடுத்தாகணும்."

"வேண்டுனவங்களே எடுக்கிறதுதான் மொறை" என்றார் தலைவர் இராமசாமி, சட்டப் புத்தகம் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. செல்லாயி ஒரு கணம் யோசித்தாள். "எடுத்தா போச்சு! எங்கறுப்புக்கு வெயில் என்னா பண்ணும்?"

அடுத்து மைக் விவகாரம். தொப்பியோடு மைக் பிடிக்கலாமா என்று நிர்வாகத்தில் ஆளுக்கொன்று பேசினார்கள். ஒருத்தர் பிரச்சினை இல்லை என்றார், இன்னொருத்தர் மலையாளத்துக் கோயிலில் சட்டைகூடப் போட முடியாது தெரியுமா என்றார். தலைவர் கடைசியில் தலையை ஆட்டினார். "தொப்பிக்கு வழியில்லப்பா. சாமி குத்தம்."

"ஏன்யா," என்று செல்லாயி குறுக்கே வந்தாள், "ஆத்தா வெளிய கெளம்புனா கொடையில்லாமயா போறா? அவளுக்கே வெயில் ஆகாதுன்னுதானே புடிக்கிறீங்க? ஸ்டோர்ல பழைய கொடை ஒண்ணு சும்மாதானே கெடக்கு, எலி கடிச்சுக்கிட்டு?"

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் மூலஸ்தானத்தைப் பார்த்தார். அங்கிருந்து மறுப்பு ஒன்றும் வரவில்லை.

பால்குடத்தன்றைக்குக் களிம்பு முடிந்திருந்தது. பொருக்கெல்லாம் உதிர்ந்து, பச்சைப்பிள்ளைத் தோல் மாதிரி இளஞ்சிவப்பாக ஒன்று வந்திருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு நெற்றியைத் தடவி, வழவழப்பாக இருக்கிறது என்றார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும், எங்கேயாவது மறுபடி சொரசொரப்புத் தட்டினால் அதற்கு முன்பே வந்துவிட வேண்டும் என்றார். குடை விசயத்தைக் கேட்டதும், "குடை மேலிருந்து வர்றதத்தான் தடுக்கும், ரோட்லருந்து எகிறிக்கிட்டு வர்ற வெயிலுக்குக் களிம்பு பூசணும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ" என்று வெயில் களிம்பு எழுதிக் கொடுத்தார். முழுக்கைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. பத்து மணிக்கு மேல் நிழலுக்குப் போய்விட வேண்டும் என்பது கண்டிப்பு.

அந்தக் கடைசிக் கட்டளைதான் வலித்தது. உச்சி வெயிலில் ஊர்வலம் கோயிலுக்குத் திரும்புகிற நேரம்தான் மைக்குக்கே மரியாதை. அதை ஷர்வினுக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

"அண்ணே, நான் ஒங்கள மாதிரியே பேசணுமா?" என்று கேட்டான் ஷர்வின்.

"ஒன்ன மாதிரியே பேசு. பேரு மட்டும் நிறுத்திச் சொல்லு. அவங்கவங்களுக்கு அவங்கவங்க பேரு கேக்கணும், அதுக்குத்தானே வாராங்க."

காலை எட்டு மணிக்கு லாரி கிளம்பியது. மேலே சிவப்புப் பட்டுக் குடை, தங்க ஜரிகைத் தொங்கல், எலி கடித்த இடத்தில் அக்கா தைத்த மஞ்சள் ஒட்டு. அதன் கீழே தனேஸ் கறுப்புக் கண்ணாடி போட்டு, வெள்ளைக் களிம்பு தடவி நின்றான். எதிரே வந்த சுற்றுலா பஸ்ஸிலிருந்து நாலைந்து வெள்ளைக்காரர்கள் எட்டிப் பார்த்து, தங்கள் ஆள் ஒருத்தர் எப்படி அங்கே ஏறினார் என்று புரியாமல் கையசைத்தார்கள். அவனும் அசைத்தான்.

"பக்தகோடிகளுக்கு அறிவிப்பு. தண்ணீர்ப் பந்தல் அடுத்த முச்சந்தியில் இருக்கிறது. வெள்ளை மைவி காரின் உரிமையாளர் உடனே வந்து வண்டியை எடுக்கவும். தீச்சட்டி எடுத்து வரும் செல்லாயி அக்காவுக்கு வழிவிடவும்."

செல்லாயி சட்டியோடு நிமிர்ந்து பார்த்து, பேர் கேட்ட சந்தோசத்தில் இன்னும் வேகமாக நடந்தாள்.

ஒன்பதே முக்காலுக்கு அவன் மைக்கை ஷர்வின் கையில் கொடுத்துவிட்டு இறங்கப் போனான். கீழே பால்குடம் எடுத்த பெண்களுக்கு நடுவிலிருந்து அக்கா கத்தினாள். தலையில் குடம், கையை எடுக்க முடியாது, அதனால் மோவாயாலேயே சுட்டிக் காட்டினாள்.

"டேய்! காதுல பூசினியா? காது, காது!"

தனேஸ் தடவிப் பார்த்தான். காது வெறுமையாக இருந்தது. ஷர்வின் மைக்கை வாயருகே கொண்டுபோனான்.

"மைக் தனேஸ் அண்ணனுக்கு ஓர் அறிவிப்பு."